பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சல்ல (தவளை மாதிரி நீந்துறது) கைய எப்படி இழுக்கணும்?

முக்காவாசி பேரு கைய இடுப்பு வரைக்கும் இழுத்துடுறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான், திரும்ப முன்னாடி கொண்டு வர்றதுக்குள்ள வேகமெல்லாம் செத்துடும். போட்டியிலயே ஸ்டார்ட், டர்ன் முடிஞ்ச முதல் ஸ்ட்ரோக் தவிர கை இடுப்ப தாண்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு.

ரெண்டு கையும் நேரா நீட்டி, உள்ளங்கைய லேசா வெளிப்பக்கம் திருப்பி, தோள விட கொஞ்சம் அகலமா விரிங்க, அங்கேர்ந்து முழங்கைய கீழ விழ விடாம விரல் நுனி தரைய பாக்குற மாதிரி வெச்சு முன்கையால தண்ணிய உள்பக்கமா வழிச்சு எடுங்க, மாவு சட்டிய வழிக்கிற மாதிரிதான். கை எப்பவும் கண்ணுக்கு தெரியணும், தெரியலன்னா ரொம்ப பின்னாடி போயிடுச்சு. தாடைக்கு கீழ சேர்ந்ததும் கும்பிடு போட்டு நிக்காதீங்க, உடனே முன்னாடி நீட்டிடுங்க. தொடைக்கு நடுவுல புல் பாய் (pull buoy, கால மிதக்க வைக்கிற நுரைக் கட்டை) வெச்சு தினம் 4 லேப் கை மட்டும் போட்டு பாருங்க.