எதிர்மறை வலுவூட்டல் என்றால் பிரம்படி இல்லை: நடத்தைக் கோட்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கோ பி.எட். தேர்வுக்கோ படிக்கிறவர்கள் கற்றல் கோட்பாடுகளில் அதிகம் சறுக்குவது எதிர்மறை வலுவூட்டலில்தான். அந்தப் பெயரைக் கேட்டதுமே பிரம்பும் முட்டிக்கால் போடுவதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கு எளிது. செயலுக்குப் பிறகு ஏதாவது வந்து சேர்ந்தால் நேர்மறை, ஏதாவது விலகினால் எதிர்மறை. அதனால் அந்தச் செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. நல்லது கெட்டது என்ற பேச்சே இதில் கிடையாது.

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பஞ்சுமிட்டாய்க்காரரைக் கண்டதும் ஒரு பிள்ளை மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பிக்கும். "வேணாம்டா, பல்லு சொத்தையாயிடும்" என்பார் அப்பா. அழுகை ஏறும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், சட்டைப்பையிலிருந்து பணம் வெளியே வரும். பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்தது, அடுத்த வாரமும் அழுவான்: நேர்மறை வலுவூட்டல். அப்பாவுக்கோ அழுகை நின்றது, அடுத்த முறை அவர் கை இன்னும் சீக்கிரம் பைக்குள் போகும்: இதுதான் எதிர்மறை வலுவூட்டல். பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதி அப்பாவை விட்டால் அது பாதி விடைதான்.

"தினமுமா வாங்கித் தர்றேன், எப்பவாவதுதானே" என்பது வீட்டில் நடக்கும் தவறு. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை விடாப்பிடியாக நிலைக்க வைக்கிறது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க, பலன் எப்போதெல்லாம் கிடைக்கிறது என்ற இந்த வலுவூட்டல் அட்டவணைகளைப் பற்றியதுதான். இன்னொன்று: வாங்கித் தருவதை நிறுத்தினால் அழுகை முதலில் கூடும், அப்புறம்தான் குறையும். கூடிய நேரத்தில் விட்டுக்கொடுத்தால், பலமாக அழுதால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவையும் ஸ்கின்னரையும் குழப்புவதும் உண்டு. உணவோடு சேர்ந்தே வந்து பழகிய ஒலியைக் கேட்டாலே பாவ்லோவின் நாய்க்கு எச்சில் தானாக ஊறியது. ஸ்கின்னரின் எலி நெம்புகோலைத் தானே அழுத்தி உணவு பெற்றது. 2011இல் வந்த ‘தானே’ புயலில் மாட்டிய ஒருவருக்கு இன்றும் காற்று இரைந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பாவ்லோவின் கணக்கு. அவர் எதையும் செய்து அதற்குப் பலன் பெறவில்லை. போகிற போக்கில்: பாவ்லோவுக்கு 1904இல் நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்காக, பலர் எழுதுவதுபோல ஆக்கநிலையிறுத்தத்துக்காக (நாய்க்கு நடந்த இந்த வகைக் கற்றலுக்காக) அல்ல.

நடத்தைவாதிகள் எல்லாருமே மனதை ஒதுக்கினார்கள் என்று எழுதுவதும் தவறு. 1913இல் நடத்தைவாதத்தைத் தொடங்கிவைத்த வாட்சன் உள்ளத்தைத் துருவிப் பார்க்கும் முறையே வேண்டாம் என்றார். ஸ்கின்னரோ சிந்தனையையும் உணர்வையும் நடத்தையாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, எதற்கெடுத்தாலும் ஸ்டார் ஒட்டும் ஆசிரியர்களுக்கு ஒன்று. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில், அந்தக் குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். தானாகவே படம் போடுகிற பிள்ளையிடம் கிரேயான் பெட்டியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். தயங்கி நிற்கிற பிள்ளைக்கு ஸ்டாரை வைத்துக்கொள்ளுங்கள்.