முதல் பௌதிகவியல் பாடத்துக்கு ஓர் ஊசல்: பயிற்சி ஆசிரியர்களுக்கான செய்முறை

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பாடத்தோடு தொடங்கலாம்?" என்பதுதான். எளிய ஊசலோடு தொடங்குங்கள் என்றே எப்போதும் சொல்கிறேன். காசு செலவில்லை, ஆய்வுகூடமும் தேவையில்லை. பிள்ளைகள் உறுதியாக நம்பும் ஒரு பிழையான எண்ணம் அவர்கள் கண்முன்னாலேயே உடைவதை நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் காட்டிவிடலாம்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது தமிழ்நாட்டில், ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அருட்சகோதரி மிகவும் சாந்தமானவர். ஆனால் ஒரு விஷயத்தில் இறங்கிவரவே மாட்டார். வகுப்பில் காட்டப்போகும் பரிசோதனையை முதல்நாள் மாலை நாங்கள் தனியாக மூன்று தரம் செய்து, வாசிப்புகளைக் கொப்பியில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். மட்டக்களப்புக்குத் திரும்பி வந்த முதல் வருடம் நான் அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால் நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

முதற் படி: சொற்களைச் சரிசெய்யுங்கள்

இந்தியாவில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். வரைபின் சாய்வை நாம் படித்திறன் என்கிறோம். இவை பழகிவிடும். ஆபத்தான சொல் 'வேகம்'. அங்கே அது திசையற்ற கணியம், இங்கே திசையுள்ள கணியம். நம் பாடநூலில் திசையற்றதற்குக் 'கதி' என்று பெயர். நீங்கள் ஒன்றை நினைத்துச் சொல்ல, பிள்ளை வேறொன்றை எழுதிக்கொள்ளும். பாடக்குறிப்பு எழுத முன்னர் நம் பாடநூலை ஒரு தரம் முழுதாக வாசியுங்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, விஞ்ஞான ஆசிரியராக இருந்து பிறகு துறவியானவர் சுவாமி விபுலாநந்தர். 1930களில் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தார். இந்தச் சொற்களைக் கவனமாகப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இரண்டாம் படி: ஊசலைக் கட்டுங்கள்

தூண்டில் ஈயக்குண்டு ஒன்று, இழுபடாத மெல்லிய நூல், ஒரு மீற்றர் கோல், நிறுத்தற் கடிகாரம். இவ்வளவுதான். நைலோன் தங்கூசி வேண்டாம், அது சுருண்டு சுருண்டு நிற்கும். நூலைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டால் தொங்கும் புள்ளி அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே இரண்டு அடிமட்டத் துண்டுகளுக்கு இடையில் நூலை இறுக்கி, மேசை விளிம்போடு சேர்த்துக் கட்டுங்கள். நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடுவரை அளக்க வேண்டும்.

நம் வகுப்பறைகள் பலவற்றில் அரைச்சுவர்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஊசல் நேராக ஆடாது, நீள்வட்டம் போடும். காற்றுக்கு மறைவான மூலையை முதல்நாளே பார்த்து வையுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: தனியாகச் செய்து பாருங்கள்

நீளத்தை 100 சென்ரிமீற்றர் ஆக்குங்கள். குண்டை 15 சென்ரிமீற்றருக்கு மேல் இழுக்காமல், தள்ளாமல், மெல்ல விடுங்கள். கோணம் 30 பாகையானால் அலைவுகாலம் (ஒரு தரம் முழுதாகப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடிவிடும். 10 பாகைக்குள் அந்த வித்தியாசம் 0.2 சதவீதம்கூட வராது.

குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்துங்கள். ஓரத்தில் அது தயங்கி நின்று திரும்புவதால் கணம் தெளிவாகத் தெரியாது. நடுவில்தான் கதி கூட. 20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். கையால் அழுத்துவதில் 0.2 செக்கன் பிசகினால், ஒரே அலைவில் அது 10 சதவீதம். 40 செக்கனில் வெறும் அரைச் சதவீதம்.

பிறகு நீளத்தை 81, 64, 49, 36, 25 சென்ரிமீற்றர் என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். சரியாகச் செய்தால் 20 அலைவுகளுக்கு 40.2, 36.2, 32.1, 28.1, 24.1, 20.1 செக்கனுக்குக் கிட்டவாக வரும். நீளத்தை வர்க்க எண்களாக எடுத்ததன் அருமை இங்கே தெரியும். நேரம் நான்கு நான்கு செக்கனாக இறங்குவதை, சூத்திரம் தெரியாத பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: பிழைகளை முன்கூட்டியே அறியுங்கள்

பாடம் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். அந்த முதல் வருடம், வாவிக்கரையோரப் பாடசாலை ஒன்றில், நான்கு குழுக்களுக்கும் ஈர்ப்பு ஆர்முடுகல் 10.8 என்று வந்தது. "உபகரணம் சரியில்லை பிள்ளைகள்" என்று சொல்லி மணியடிக்க முன் முடித்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. எழும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடிகாரத்தை அழுத்தும்போதே பிள்ளைகள் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே எடுத்தது 19 அலைவு, வகுத்தது 20ஆல். விடை ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். இங்கே வரவேண்டிய 9.78 என்பது 10.8 ஆகிவிடும். அவர்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்காதது நான்தான். அடுத்தநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். அழுத்தும்போது 'பூச்சியம்' என்று எண்ண வைத்து மறுபடி செய்தோம்.

இன்னொரு பிழை: குண்டின் உச்சிவரை மட்டும் நீளத்தை அளப்பது. ஆரை 1 சென்ரிமீற்றரானால், நீண்ட ஊசலில் விடை 1 சதவீதம் குறையும், 25 சென்ரிமீற்றர் ஊசலில் 4 சதவீதம் குறையும். நீளம் குறையக் குறைய விடையும் குறைந்துகொண்டு போகும் குழுவைக் கண்டால், நேரே அவர்கள் அளந்த விதத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கேள்வியோடு தொடங்குங்கள்

வகுப்பில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். ஒரே நீளத்தில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றில் ஈயக்குண்டு, மற்றதில் அதேயளவு மரமணி. "எது கெதியாக ஆடும்?" என்று கேட்டுக் கை உயர்த்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஈயத்துக்கே கைகள் எழும்பும். காரணத்தையும் சொல்ல விடுங்கள், இடைமறிக்காதீர்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக விடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும்போது வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியில் நீங்களும் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். நீளத்தைப் பற்றிய கேள்வியைப் பெரும்பாலும் ஒரு பிள்ளையே கேட்கும்.

ஆறாம் படி: வரைபு

அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். படித்திறன், நீளத்தை மீற்றரில் எடுத்தால், 4.04க்குக் கிட்ட இருக்கும். 39.48ஐ (அதாவது 4π²ஐ) அதனால் வகுத்தால் ஈர்ப்பு ஆர்முடுகல். ஆரையைச் சேர்க்க மறந்த குழுவின் கோடு உற்பத்தியினூடாக (0, 0 புள்ளியினூடாக) போகாது, ஆனால் படித்திறன் மாறாது. வரைபு ஏன் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

9.75 என்று கொண்டுவரும் பிள்ளையின் விடையைச் சிவப்பு மையால் வெட்டிவிடாதீர்கள். பாடநூலில் 9.81 என்று இருந்தாலும், மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கும் நம் மட்டக்களப்பில் அது ஏறத்தாழ 9.78தான். பூமி நடுவில் புடைத்திருப்பதும் சுழல்வதும் காரணம். 1672இல் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து, நம்மைப் போலவே மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள, தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசற் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. நம் 20 அலைவுகளில் இவ்வளவு சிறிய வித்தியாசம் தெரியாது. அவருடைய ஊசல் நாள் முழுக்க ஆடியதால்தான் அது நிமிடங்களாகத் திரண்டு தெரிந்தது. "அப்படியென்றால் நாங்கள் எத்தனை அலைவு எண்ண வேண்டும்?" என்பதை வீட்டுவேலையாகக் கொடுங்கள்.

மணி அடித்ததும் ஊசலை அவிழ்க்க வேண்டாம். இடைவேளையில் யாரோ ஒரு பிள்ளை வந்து குண்டை இழுத்துவிட்டுப் பார்க்கும். அந்த நேரம் பக்கத்தில் இருங்கள்.