ஹீட்டரை அணைக்கத் தெரியாத கட்டுப்பாட்டுப் பெட்டிகள்

சமையலறைக்கு ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது இன்று பெரிய வேலை இல்லை. இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு, ஒரு வெப்ப சென்சார், போர்டு சொன்னபடி மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ஒரு ரிலே, நாற்பது ஐம்பது வரி நிரல், அவ்வளவுதான். தயிர் உறைய 42 டிகிரி, ரொட்டி மாவு உப்பிவர 28 டிகிரி, இறைச்சியைப் பையில் போட்டு வெந்நீரில் மெதுவாக வேகவைக்க 60 டிகிரி என்று கேட்ட சூட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் புதிதாக இறங்குபவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள், காட்டுவதற்கும் எடுத்து வருகிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், தொடக்கத்தில் என் பெட்டிகளுக்குள் இருந்த அதே கோளாறுகள் அப்படியே இருக்கின்றன.

பிளஸ் மைனஸ் மாறிப்போவது, சரியாகப் பிடிக்காத சால்டர், நிரலில் தவறான பின் எண் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். பெட்டி ஓடாது, நீங்கள் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்குக் கவலை தருபவை முதல் நாளே ஒழுங்காக ஓடிவிடும் பெட்டிகள்.

## சின்ன ரிலேயிடம் ஹீட்டரை ஒப்படைப்பது

அந்தச் சின்ன நீல நிற ரிலேயின் முதுகில் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கும். ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். பத்துக்குள் அடங்கிவிட்டதே, அப்புறம் என்ன என்று மாட்டிவிடுகிறார்கள். 120 வோல்ட் மின்சாரம் உள்ள இடங்களில் 1500 வாட் ஹீட்டரே 12.5 ஆம்பியர் இழுக்கும், அங்கே இந்தக் கணக்குகூட நிற்காது. ஆனாலும் அங்கேயும் இதே ரிலேயைத்தான் மாட்டுகிறார்கள்.

முதலில், அந்தப் பத்து என்பது ரிலேக்குள் இருக்கும் தொடுமுனைகளின் உச்ச அளவு. ரிலே உட்கார்ந்திருக்கும் போர்டின் மெல்லிய செம்புத் தடத்துக்கும், நீங்கள் ஒயரைச் சொருகித் திருகும் டெர்மினலுக்கும் அந்த எண் பொறுப்பு ஏற்காது. உச்ச அளவை ஒட்டி மணிக்கணக்கில் ஓடும்போது டெர்மினல் சூடாகும், திருகின் பிடி தளரும், பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், அதனால் இன்னும் சூடாகும்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வகை ரிலேக்களுக்குத் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இரண்டு ஆயுள் கணக்குகள் இருக்கும். சுமை இல்லாமல் வெறுமனே திறந்து மூடினால் 1 கோடி முறை. முழுச் சுமையோடு என்றால் 1 லட்சம் முறை. லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது, இல்லையா? சூட்டை நுணுக்கமாகப் பிடிக்க எல்லாரும் பிஐடி நிரலைப் போடுகிறார்கள், கேட்ட சூட்டுக்கும் இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஹீட்டரை ஓட்டும் நிரல் அது. கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரலில் பத்து வினாடிக்கு ஒருமுறை ரிலே திறந்து மூடும்படி இருக்கும், அதை யாரும் மாற்றுவதில்லை. பத்து வினாடிக்கு ஒருமுறை என்றால் 1 லட்சம் முறை முடிய 10 லட்சம் வினாடி. அதாவது பன்னிரண்டு நாள்கூட இல்லை! தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினாலும் ஐந்து வாரத்தில் ஆயுள் தீர்ந்துவிடும்.

ஆயுள் தீர்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தீப்பொறி வில் எழுகிறது. அது உலோகத்தை உருக்கிக் குழியாக்குகிறது. ஒருநாள் இரண்டு முனைகளும் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். நிரல் ‘அணை’ என்று சொல்லும், ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குப் போகும் மின்சாரம் நிற்கும், போர்டில் உள்ள சிவப்பு விளக்கும் அணையும். ஹீட்டர் மட்டும் அணையாது.

தெரிந்த மாணவர் ஒருவர் இப்படித்தான் ஒரு வெந்நீர்த் தொட்டி செய்திருந்தார். நேர்த்தியான வேலை. போனில் வெப்பநிலை வரைபடம்கூட ஓடும். இரவு 60 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் உருகும் வாடை வந்து எழுந்து பார்த்தால் பாத்திரத்தில் விரலளவுத் தண்ணீர்தான் மிச்சம், பக்கத்தில் இருந்த கைப்பிடி உருகி வழிந்திருக்கிறது. போன் திரை என்ன சொன்னது தெரியுமா? ‘99 டிகிரி. ஹீட்டர்: ஆஃப்’. வரைபடத்தில் கோடு 60-ஐத் தாண்டி ஏறி, தண்ணீர் கொதிக்கும் இடத்தில் தட்டையாகப் படுத்துக்கிடந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் தூங்கியிருந்தால் தண்ணீர் வற்றி ஹீட்டர் வெறுமனே எரிந்திருக்கும். அதற்கு மேல் நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘நிரலில் எங்கே தப்பு?’ என்பதுதான். நிரலில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். அவர்மேல் இல்லை, ஹீட்டரை இந்த ரிலேயில் மாட்டி, ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு ‘அவ்வளவுதான், சுலபம்’ என்று முடிக்கும் வீடியோக்கள்மேல். ஒருமுறை ஓட்டினால் எந்த ரிலேயும் ஓடும்.

‘அப்படியானால் எஸ்எஸ்ஆர் போடுகிறேன்’ என்பார்கள். எஸ்எஸ்ஆர் என்பது அசையும் பாகம் இல்லாத மின்னணு ரிலே. அதில் தொடுமுனை கிடையாது, தீப்பொறி கிடையாது, அடிக்கடி திறந்து மூடுவதற்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் மின்சாரம் பாயும்போது அதற்குள் 1 முதல் 1.5 வோல்ட் வரை இழப்பு உண்டு. 10 ஆம்பியர் பாய்ந்தால் 10 முதல் 15 வாட் சூடு அதற்குள்ளேயே உண்டாகும். சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடினால் அது வெந்து போகும். எஸ்எஸ்ஆர் கெட்டுப்போனாலும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், ஹீட்டர் எரியும் நிலையிலேயே நிற்கும். மேலே 25 ஆம்பியர் என்று அச்சிட்டு, உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரையாக் என்ற பாகத்தை அதைவிடச் சின்னதாக வைத்த போலிகளும் சந்தையில் உண்டு. இன்னொன்று: அணைந்த நிலையிலும் எஸ்எஸ்ஆர் வழியாகச் சில மில்லி ஆம்பியர் கசியும். பிளக்கைக் கழற்றாமல் ஹீட்டர் ஒயரைத் தொடவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? சின்ன ரிலே இருக்கட்டும், ஆனால் அது ஹீட்டரைத் தொடக் கூடாது. பெரிய சுமைக்கென்றே செய்த ரிலேயான 25 அல்லது 30 ஆம்பியர் கான்டாக்டர் ஒன்றின் காயிலை மட்டும் அது இயக்கட்டும். திறந்து மூடும் இடைவெளியை ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளுங்கள். ஒரு பானைத் தண்ணீர் பத்து வினாடியில் சூடு மாறிவிடாது, அந்த அவசரத்தால் சமையலுக்கு ஒரு பயனும் இல்லை.

இதையெல்லாம் விட முக்கியம், ஹீட்டருக்குப் போகும் ஒயரில் தொடராக ஒரு தெர்மல் ஃபியூஸ் அல்லது கையால் அழுத்தி மீட்டெடுக்கும் வகை பைமெட்டல் தெர்மோஸ்டாட். அது உங்கள் போர்டிடமோ நிரலிடமோ வைஃபையிடமோ அனுமதி கேட்காது. சூடு எல்லை தாண்டினால் அறுத்துவிடும். ரைஸ் குக்கர், காபி மேக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் சோதித்து வெளிவரும் கருவிக்கே அது தேவைப்படுகிறது என்றால், மேசையில் உட்கார்ந்து நாம் செய்ததற்குத் தேவைப்படாதா? பழைய கருவியிலிருந்து ஹீட்டரைக் கழற்றும்போது ‘இந்தச் சின்னக் குழாய் எதற்கு’ என்று அதை வெட்டி எறிந்துவிட்டு நேராக ஒயர் கொடுத்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய்தான் ஃபியூஸ்.

அதை எங்கே பொருத்துகிறீர்களோ அந்த இடம் வழக்கமாக எவ்வளவு சூடாகிறது என்று முதலில் அளந்து, அதைவிடச் சற்று அதிகமான எல்லை உள்ளதை வாங்குங்கள். தெர்மல் ஃபியூஸைச் சால்டர் செய்யாதீர்கள், சால்டரிங் சூட்டிலேயே அது அறுந்துவிடும். கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து அழுத்தி இணைக்க வேண்டும். பைமெட்டலில் தானாக மீளும் வகையும் விற்கிறார்கள். அது ஆறியதும் மறுபடி ஹீட்டரை எரியவிடும், இரவெல்லாம் இப்படியே அணைந்து எரிந்துகொண்டிருக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பொருத்தியதும் சோதியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரிலேயின் இரு முனைகளையும் தடிமனான ஒயரால் இணைத்து, மூடி, தண்ணீர் ஊற்றி, அதன் பிறகு பிளக்கைச் சொருகி, அணைப்பதற்குக் கை எட்டும் தூரத்திலேயே நின்று பாருங்கள். அறுக்க வேண்டிய சூட்டில் அறுக்கிறதா? தெர்மல் ஃபியூஸ் என்றால் இரண்டு வாங்குங்கள், ஒன்று இந்தச் சோதனைக்கே போய்விடும்.

‘வீட்டில்தான் ஆர்சிசிபி இருக்கிறதே’ என்பவர்களுக்கு: அது மின்கசிவைப் பார்த்து அறுப்பது. அணையாமல் எரியும் ஹீட்டரில் கசிவு எதுவும் இல்லை, வழக்கமான மின்சாரம்தான் ஓடுகிறது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அறுக்கும் எம்சிபியும் அதைக் கண்டுகொள்ளாது.

## சென்சார் சொன்னதை அப்படியே நம்புவது

டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சாரின் ஒயர் விட்டுப்போனால், அதைப் படிக்கப் பலரும் பயன்படுத்தும் தயார் நிரலான அர்டுயினோ லைப்ரரி மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். உங்கள் நிரல் ‘60-க்குக் கீழே இருந்தால் ஹீட்டரைப் போடு’ என்கிறது. மைனஸ் 127 என்பது 60-க்குக் கீழேதான். ஹீட்டர் எரியும், எரிந்துகொண்டே இருக்கும். அதே சென்சார் மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே படித்தால் 85 என்று சொல்லும், அதுவும் உண்மையான அளவு இல்லை. தண்ணீர் 0-க்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் இருக்க வழியில்லை. அந்த எல்லைக்கு வெளியே எந்த எண் வந்தாலும் ஹீட்டரை அணைத்து, சத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதைவிட மோசம், சென்சார் பாத்திரத்திலிருந்து நழுவி வெளியே விழுவது. அது 28 டிகிரி என்று சொல்லும். நம்பத்தகுந்த எண், எந்த எல்லைச் சோதனையும் பிடிக்காது. இதற்கு ஒரே வழி, ஹீட்டர் எரிந்தும் பத்து நிமிடத்தில் ஒரு டிகிரிகூட ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுவது. உங்கள் பாத்திரத்தின் அளவுக்கு ஏற்ப அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். 3டி பிரிண்டர்களுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் ‘தெர்மல் ரன்அவே’ என்ற பெயரில் இந்தப் பாதுகாப்புதான் இருக்கிறது. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

## மின்சாரம் போய் வந்ததை மறைப்பது

இது சமையல் பக்கத்துத் தவறு. இரவில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்ததும் பெட்டி தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, காலையில் ‘60 டிகிரி’ என்று காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்கு. இறைச்சியோ நடுவில் வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடு பாக்டீரியாக்கள் பெருக வசதியான இடம்.

‘அதனால் என்ன, நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் போகிறது’ என்று கேட்கிறார்கள். போகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உண்டாக்கும் நச்சும், பேசில்லஸ் சீரியஸின் வாந்தி உண்டாக்கும் நச்சும் கொதிநிலையைத் தாங்கும். கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

ஆகவே பெட்டி ஒவ்வொரு முறை புதிதாக எழும்போதும் ஒரு சிவப்பு விளக்கைப் போடட்டும், ஒரு ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை அது அணையக் கூடாது. வெப்பநிலையை நேரத்தோடு மெமரியில் எழுதி வையுங்கள். 60-க்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததா? கொட்டிவிடுங்கள், ருசி பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: தண்ணீர் 60 டிகிரி என்றால் துண்டின் நடுப்பகுதியும் 60 என்று அர்த்தமில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடாக எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரு அங்குலத் துண்டுக்குச் சரியாக வந்த நேரத்தை இரண்டு அங்குலத் துண்டுக்கு இரட்டிப்பாக்கிப் போட்டால் உள்ளே வேகாது.

## உணவைத் தொடும் பாகங்கள்

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்கும் சென்சார் குழாய் தண்ணீர் புகாமல் இருக்கத்தான், உணவுக்குள் முக்க இல்லை. அதன் ஒயரின் மேலுறை என்ன பிளாஸ்டிக் என்பதும் தெரியாது. உணவு மூடிய ஜாடியிலோ பையிலோ இருக்கட்டும், சென்சார் வெளியே தண்ணீரில் இருக்கட்டும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கால் அச்சிட்ட தாங்கிகள் 60 டிகிரியை ஒட்டி இளகி வளைந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளைக் கழுவிச் சுத்தப்படுத்தவும் முடியாது.

## தொடு பட்டன் உள்ள அடுப்பு

மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால் இந்த அடுப்பு தானாக எரியாது. ரிலேக்குப் பின்னால் அதை மாட்டிப் பயனில்லை.

## எர்த்

உலோகப் பாத்திரமோ உலோகப் பெட்டியோ இருந்தால் எர்த் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

## மைக்ரோவேவ் அவன்

திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

## ஃப்ரிட்ஜை ரிலேயில் மாட்டுவது

பாலாடைக் கட்டி பழுக்கவைக்கவும், மாவை மெதுவாகப் புளிக்கவிடவும் பழைய ஃப்ரிட்ஜைக் கட்டுப்படுத்துகிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் கம்ப்ரெசர் மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், அதனால் மேலே சொன்ன ரிலே கதை இங்கே இன்னும் சீக்கிரம் நடக்கும். அணைத்த உடனே மறுபடி போடவும் கூடாது. குழாயில் அழுத்தம் சமமாகும் முன் தொடங்கினால் மோட்டார் சுழல முடியாமல் திணறும். அணைந்த பிறகு குறைந்தது ஐந்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும் என்று நிரலில் எழுதுங்கள். போர்டு ரீஸ்டார்ட் ஆகும்போதும் அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.