மறதி நோயும் பிபியும்: நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவர் அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்லி ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரே நாளில் பதினோரு தடவை பிபி பார்த்து எழுதியிருக்கிறார், 150-ஐத் தாண்டியதெல்லாம் சிவப்பு மையில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதே மாதிரி ஒரு நோட்டு எங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. அதே நோய் வந்த அத்தையை, அதாவது என் மாமியாரை, எட்டு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். உப்பைக் குறை, மாத்திரையை மறக்காதே என்பதை ஊரே சொல்லும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு ரீடிங்கைப் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை

இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ராத்திரி ஒன்பதரை மணி. அத்தை முந்தானையை முறுக்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். "வீட்டுக்குப் போகணும், கதவைத் திற." முப்பது வருடமாக அவர் குடியிருக்கும் வீடே அதுதான். பிடித்து உட்கார வைத்து, ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 184. பதறிப்போய், காலையில் கொடுத்த பிபி மாத்திரை அம்லோடிபைனையே இன்னொன்று கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்துவிட்டார், மறுபடி பார்த்தால் 150. மாத்திரை கேட்டுவிட்டது என்று எனக்கும் அவர் மகனுக்கும் பெருமை வேறு.

மாத்திரை கேட்கவே இல்லை. அம்லோடிபைன் ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தெரியாமல்தான் அத்தை 'வீட்டுக்குப் போகணும்' என்றிருக்கிறார், போய் வந்ததும் பிபி தானே இறங்கிவிட்டது. நான் கொடுத்த மாத்திரை விடியற்காலையில்தான் வேலையைக் காட்டியது. நாலரைக்குக் கட்டிலை விட்டு எழுந்து இரண்டடி வைத்தவர் அப்படியே சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பிதற்றல். அதுவரை தானே சாதம் பிசைந்து சாப்பிட்டவர், வீட்டுக்கு வந்தபின் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பல வருடம் பிபி ஏறியே இருந்தவரின் மூளை அந்த அழுத்தத்துக்குப் பழகிப்போயிருக்கும், சட்டென்று இறக்கினால் மேலே ரத்தம் போதாது. நடுவயதில் பிபி ஏறிக் கிடப்பது பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. நோய் வந்த பிறகு கணக்கு வேறு. 120-க்குக் கீழே கொண்டுவந்தால் மூளைக்கு நல்லது என்று வாட்ஸப்பில் சுற்றுவது அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, 2019-இல் வந்தது. லேசான நினைவுத் தடுமாற்றம் குறைந்தது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. 2015-இல் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில் நினைவு குறைந்த 172 பேரைப் பார்த்தார்கள். பிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பகல்நேர மேல் பிபி 128-ஐத் தாண்டாமல் இருந்தவர்களுக்கு நினைவுத் திறன் வேகமாகச் சரிந்திருந்தது. சும்மா கவனித்துப் பார்த்த ஆய்வுதான், காரணம் இதுவே என்று அடித்துச் சொல்லாது.

சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா? அதுவும் கூடாது. நெதர்லாந்தில் லேசான நினைவுக் குறைவு உள்ள, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறுத்தியும் பார்த்தார்கள், 16 வாரத்தில் நினைவு ஒன்றும் தேறவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியது 'இவருக்கு எவ்வளவு இருந்தால் போதும்?' என்பதுதான். நான் அதை இடுப்பெலும்பு உடைந்த பிறகுதான் கேட்டேன்.

உட்கார வைத்து மட்டும் பார்ப்பது

எழுந்து நிற்கும்போது பிபி இறங்குகிறதா என்பது அதில் தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பாருங்கள், அப்புறம் நிற்க வைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 இறங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், தனியாக முயலாதீர்கள்.

பார்க்கும்போது பேச்சுக் கொடுப்பது

வேண்டாம். ஏறும்.

திடீர்க் குழப்பத்தை 'நோய் முற்றிவிட்டது' என்று விட்டுவிடுவது

பெயர் ஹெச் என்று முடியும் பிபி மாத்திரைகள் பலவற்றில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். வயதானவர்களுக்கு அது ரத்தத்திலுள்ள சோடியத்தை இறக்கிவிடலாம், சோடியம் இறங்கினால் தூக்கம், தடுமாற்றம், ஆளே மாறிப்போன மாதிரி ஒரு பேச்சு. அத்தைக்கும் ஒருமுறை அப்படி ஆனது. நாலு நாள் விதியே என்று உட்கார்ந்திருந்தோம், ஐந்தாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

ஒரு டாக்டர் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டாதது

மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் நாடித் துடிப்பைக் குறைக்கும். பிபிக்குக் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலாலும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சிலர் மயங்கி விழுவார்கள். மெஷினில் பிபிக்குக் கீழே நாடி எண்ணும் வரும், அதையும் எழுதி வையுங்கள்.

முகம் கோணி, கை தொங்கி, பேச்சு குழறும்போது மெஷினைத் தேடுவது

தேடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.