அரசு அலுவலகத்தில் தொழுகை: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு அலுவலகத்தில் இஸ்லாமிய ஊழியர்கள் தொழ இடம் கேட்டார்கள் என்று பேச்சு வந்தாலே டர்பன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சூடு பறக்கிறது. பேசலாம், தப்பில்லை. ஆனால் சட்டம் தெரியாமல் பேசினால் அது நம் தலையிலேயே வந்து விடியும்.

"இது மதச்சார்பற்ற நாடு, அரசு இடத்தில் வழிபாடே கூடாது" என்று அடித்துப் பேசுவதுதான் முதல் தவறு. 1996 அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, அரசு நிறுவனங்களில் வழிபாடு நடத்தலாம் என்றே சொல்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: உரிய அதிகாரிகளின் விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், எல்லா மதத்தாருக்கும் நியாயமாக நடக்க வேண்டும், கலந்துகொள்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். வாதாடுவதானால் இந்த மூன்றை வைத்து வாதாடுங்கள்.

அடுத்த தவறு இதைவிட ஆபத்தானது. "வேலை நேரத்தில் தொழுவது கட்டாயமா? வீட்டுக்குப் போய் களா (நேரம் தவறிய தொழுகையைப் பிறகு தொழுவது) தொழலாமே" என்று நாமே மார்க்கத் தீர்ப்பு சொல்வது. இதே கேள்வியை நம் வீட்டுப் பெண்ணிடமும் கேட்டார்கள். டர்பனில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் மாணவி ஒருத்தி மூக்குத்தி போட்டு வந்தாள். பள்ளி விதி அதை அனுமதிக்கவில்லை. அது வெறும் வழக்கம், மதக் கட்டளை இல்லையே என்ற வாதம் வந்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007இல் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு மாணவியின் பக்கம் நின்றது: கட்டாயமில்லாமல் மனம் விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நம் மூக்குத்தியைக் காப்பாற்றிய தீர்ப்பு அவர்கள் தொழுகைக்கும் துணை நிற்கும். அதை நாமே வெட்டிவிடக் கூடாது.

டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ பீச் மதரஸாவின் பாங்கு (தொழுகை அழைப்பு) வழக்கை இங்கே இழுக்கவும் வேண்டாம். அது அரசு இடமே இல்லை, அக்கம்பக்கத்துத் தகராறு. பாங்கு ஓசை பக்கத்து வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று 2020இல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னதை மட்டும் பலர் பகிர்கிறார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இந்தியாவின் குருகிராமில் மைதானத்தில் தொழுததால் வந்த தகராறு வீடியோக்களையும் இழுக்க வேண்டாம். அந்த ஊர் சட்டம் வேறு.

மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. சண்டை பெரும்பாலும் தொழுகையால் வருவதில்லை, சின்னச் சின்ன விஷயங்களால் வருகிறது. ஒளு (தொழும் முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தால் தரையெல்லாம் ஈரம், துடைக்கும் அம்மாவுக்குக் கோபம். தாழ்வாக ஒரு குழாய் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவைத் தனியாகவோ பிறகோ தொழ முடியாது. அன்று உணவு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டி, அந்த நேரத்தை வேறு வேளையில் ஈடுகட்டச் சொல்லலாம்.

ஒருவர் தனியாகத் தொழுவதும், கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கி எல்லாரையும் எழுந்து நிற்கவைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது எந்த மதத்தின் பேரில் நடந்தாலும், விரும்பாதவர் ஒதுங்க வழி வேண்டும். கேப் டவுன் நாடாளுமன்றத்தில் பிரார்த்தனைக்கோ தியானத்துக்கோ சிறிது நேர மௌனம் மட்டும்தான்.

அப்புறம், எந்த ஏற்பாடும் வாய்ப்பேச்சில் நிற்க வேண்டாம். எந்த அறை, எந்த நேரம், சாவி யாரிடம் என்று எழுதி ஒட்டுங்கள். தைப்பூசக் காவடிக்கு விடுப்பு கேட்கும் நம் ஆளுக்கும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.