சர்க்கரை, பிரஷர் பிரிவிலேயே மனச்சோர்வையும் கவனிக்க

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்த கையோடு செவிலியர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனசு சோர்ந்து கிடக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 3 வந்தாலே மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை (PHQ-9) அன்றே நிரப்புங்கள். அதில் 10ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு 1 வந்தாலும் போதும், தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். திரைச்சீலை போதாது, கதவுள்ள அறை வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய 2 முதல் 4 வாரமாகும். பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர், சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போகும்போதே இந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்றும் விசாரிக்கட்டும். மருந்துச் சீட்டின் பின்புறம் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி) எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.