பிறந்ததிலிருந்தே ஒழுகும் சிறுநீர்: புதிய டாக்டர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் வேலூரில் எங்கள் ஓ.பி.யில் ஒரு பயிற்சி டாக்டர், பிறந்ததிலிருந்தே ஒழுகும் இருபது வயதுப் பெண்ணுக்கு, நீர்ப்பையை அடக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை எழுதப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இதே சீட்டை ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். இருமினால் கசிவது, அவசரத்தில் கசிவது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஒரு நாளாவது காய்ந்திருக்கிறதா?" என்று கேட்காதது

நான் அப்போது பார்த்தவள் குடியாத்தம் பக்கத்துப் பெண். வீட்டில் பீடி சுற்றுவார்கள். சிறுநீர் வாடைக்குப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அவள் அம்மா சொன்னார்: "பொறந்ததுலேர்ந்தே ஈரமாவே கீது டாக்டரம்மா. ஒண்ணுக்கும் ஒழுங்காத்தான் போறா."

நோயே அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. எட்டு மாதம் மாத்திரை கொடுத்தேன். வாய் உலர்ந்தது, மலச்சிக்கல் வந்தது, பாவாடை மட்டும் உலரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நேரத்துக்கு நேரம் சரியாகப் போகிறாள், நடுவிலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்தச் சொட்டு நீர்ப்பைக்குள் வராமலே வெளியேறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இப்படி ஒழுகும் பெண்களில் பெரும்பாலும் ஒரு பக்கச் சிறுநீரகத்துக்கு இரட்டைக் குழாய் இருக்கும். சிறுநீரகத்தின் மேல்பாதியிலிருந்து இறங்கும் குழாய் நீர்ப்பையில் சேராமல், சிறுநீரை அடக்கிவைக்கும் மூடுதசையைத் தாண்டிப் போய், யோனியிலோ அதன் வாசலிலோ திறந்திருக்கும். ஆண்களுக்குக் குழாய் தடம் மாறினாலும் மூடுதசைக்கு மேலேதான் திறக்கும், அதனால் ஒழுகாது. மாத்திரை நீர்ப்பையைத்தான் அடக்கும். அங்கே வராத நீரை அது என்ன செய்யும்?

கடைசியில் நீர்ப்பைக்குள் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஏற்றி, யோனியில் பஞ்சு வைத்துப் பார்த்தோம். பஞ்சு நனைந்திருந்தது, நீலம் ஒரு பொட்டுகூட இல்லை. (நீலம் ஏறியிருந்தால் நீர்ப்பையில் ஓட்டை என்று யோசிக்க வேண்டும். அது பிரசவம், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்களிடம் பார்ப்பது.) வேலை செய்யாத மேல்பாதியைக் குழாயோடு எடுத்த பிறகு ஒழுகல் நின்றது.

ஸ்கேன் நார்மல் என்று நம்புவது

அவளுக்கும் நார்மல் என்றுதான் ரிப்போர்ட் வந்தது. மேல்பாதி சுருங்கிக் கிடந்தால் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடும். வேலை செய்யாத பாதிக்கு மருந்து போகாது, அதனால் நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஐ.வி.பி. எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பாதையை எம்.ஆர்.ஐ.யில் படமெடுக்கும் எம்.ஆர். யூரோகிராம் எடுங்கள்.

கல்யாணம் ஆகாத பெண் என்று பரிசோதிக்காமல் விடுவது

அவளிடம் கேட்டு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் சில நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். விரல்கூட வைக்க வேண்டாம். சொட்டு எங்கிருந்து ஊறுகிறது என்பது பல நேரம் கண்ணுக்கே தெரியும்.

முதுகைப் பார்க்காதது

இடுப்புக்குக் கீழே குழியோ முடிக்கொத்தோ இருந்தால், நரம்புக் கோளாறாலும் ஒழுகலாம் என்று தண்டுவடத்தையும் பாருங்கள்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பது

ஆகாது.